வயிறு அரசுக்கு, மனசு வீட்டுக்கா?

ஏழைப் பிள்ளைக்கு அரசு சோறு போடட்டும், புத்தகமும் சீருடையும் சைக்கிளும் கொடுக்கட்டும். அதற்கு மேல் அந்தப் பிள்ளையின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பது அரசின் வேலை இல்லை. தமிழ்நாட்டில் கட்சி பேதமின்றி எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்துகள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் இதைச் சொல்கிறார். இலவசங்களைத் திட்டுபவர் சொல்கிறார், இலவசங்களை மேடைபோட்டுக் கொடுப்பவரும் சொல்கிறார். பள்ளிக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால், "எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துபோகிறது.

இந்தக் கருத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். பசி கண்ணுக்குத் தெரியும். பிள்ளையை எடை போடலாம், முட்டையை எண்ணலாம். அவமானத்தை எப்படி எண்ணுவது? எண்ண முடியாததற்கு நிதி ஒதுக்கினால் அது பயிற்சி முகாமுக்கும் பதாகைக்கும்தான் போகும். வறுமை பலரை நசுக்கியது உண்மை, ஆனால் முன்னுக்கு வந்தவர்களுக்கு வைராக்கியத்தைத் தந்ததும் அதே வறுமைதானே? பிள்ளையின் மனம் பெற்றவர்களின் பொறுப்பு. அரசு அதில் கை வைத்தால் ஏழை வீடுகள் எல்லாம் கோளாறு பிடித்த வீடுகள் என்று முத்திரை விழும். மேலும், வகுப்பில் ஆசிரியர் ஒருவர் இருக்கத்தானே செய்கிறார்? கடைசியாக, வறுமையே வடிந்துகொண்டிருக்கிறது. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்குப்படி 2019-21 இல் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதம், நாட்டின் சராசரியோ ஏறத்தாழ 15. அணையப்போகும் நெருப்புக்கு எதற்குப் புது வண்டி?

இவற்றில் ஒன்றுகூட முட்டாள்தனமான வாதம் இல்லை. முத்திரை பற்றிய அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் முடிவு தவறு. ஏன் என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. வறுமை வைராக்கியம் தந்தது என்று சொல்வது யார்?

மேடைக்கு வந்து சேர்ந்தவர்கள். தெருவிளக்கில் படித்து மாவட்ட ஆட்சியர் ஆனவரைப் பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைக்கிறோம். அவரோடு அதே விளக்கடியில் உட்கார்ந்து, எட்டாம் வகுப்போடு நின்று, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவரை எந்தப் பள்ளியும் அழைப்பதில்லை. ஜெயித்தவர்களிடம் மட்டும் கேட்டு எடுக்கும் கணக்கில் வறுமை எப்போதும் நல்லாசிரியர் விருதுதான் வாங்கும்.

சரி, ஜெயித்தவர்களிடமே கேட்போம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட காமராசர் முதலமைச்சரானதும், பிள்ளைகள் கஷ்டப்பட்டால் உரமேறுவார்கள் என்று சும்மா இருக்கவில்லை. 1956 இல் மதிய உணவைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். சிறுவயதில் பசியில் கிடந்து நாடகக் கம்பெனிக்குப் போன எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கியபோது, தன் குழந்தைப் பருவத்துப் பட்டினியையே காரணமாகச் சொன்னார். வறுமையை நேரில் பார்த்த இருவரும் அதிகாரம் கைக்கு வந்த பின் செய்த முக்கிய வேலைகளில் ஒன்று, அடுத்த தலைமுறைக்கு அந்தப் 'பயிற்சி' கிடைக்காமல் பார்த்துக்கொண்டது.

வைராக்கியம் என்று நாம் பாராட்டுவது பல நேரம் என்ன தெரியுமா? எதுவும் கேட்காத பிள்ளை. பள்ளியில் டூர் போகிறார்கள், ஆளுக்கு எண்ணூறு ரூபாய். வீட்டில் கேட்டால் அம்மா எங்காவது கடன் வாங்கிவிடுவாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அதனால் பள்ளியில் "எனக்கு பஸ் ஒத்துக்காது மிஸ்" என்கிறாள், வீட்டில் டூர் பற்றிய பேச்சே இல்லை. பிறந்த நாளுக்குக் கலர் டிரஸ் இல்லாத பையன் அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொள்கிறான். ஆண்டு விழா நடனத்துக்கு வாடகை உடை வேண்டும் என்றதும் "எனக்கு ஆடப் பிடிக்காது" என்று ஒதுங்குகிறாள் இன்னொருத்தி. குரூப் போட்டோவுக்குப் பணம் கட்டாதவர்களும் படத்தில் நிற்பார்கள், ஆனால் அந்தப் படம் அவர்கள் வீட்டுக்கு வராது. பிரிட்டனில் ஏழைக் குழந்தைகளிடமே உட்கார்ந்து பேசி டெஸ் ரிட்ஜ் 2002 இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் கண்டது: பெற்றோருக்கு வலிக்கக் கூடாது என்று பிள்ளைகள் தங்கள் தேவைகளை மறைக்கிறார்கள், மற்றவர்கள் ஒதுக்குவதற்கு முன் தாங்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கம் "பொறுப்பான புள்ள" என்கிறது. பத்து வயதில் வீட்டின் கடன் கணக்கை மனசுக்குள் வைத்திருப்பவளை அப்படித்தான் அழைக்கிறோம்.

2. வயிறு நிறைந்தால் மற்றது தானே சரியாகும் என்பதற்கு என்ன ஆதாரம்?

எதிரான ஆதாரம் இருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 கைக்குழந்தைகளை 1980களில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சத்துமாவுப் பால் மட்டும். இன்னொன்றுக்கு, வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த பொம்மைகளை வைத்துத் தாயையும் குழந்தையையும் விளையாட வைப்பார். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவதுக்கு எதுவும் இல்லை. இது இரண்டு ஆண்டுகள் நடந்தது. அந்தக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. பதின்ம வயதில் அவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவு, தங்களைப் பற்றிய மதிப்பு அதிகம். சத்துமாவு மட்டும் கிடைத்தவர்களிடம் நீடித்த பலன் தென்படவில்லை.

உணவு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. பசித்த குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவது கொடுமை. உணவு மட்டும் போதும் என்பதற்குத்தான் இது பதில்.

வறுமை 2.2 சதவீதம் என்ற கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். அதே காலத்துத் தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 25 சதவீதம். நான்கில் ஒன்று. வறுமையை ஏறக்குறைய ஒழித்துவிட்டதாகச் சொல்லும் மாநிலத்தில் நான்கில் ஒரு குழந்தை வளர வேண்டிய அளவு வளரவில்லை என்றால், அந்த 2.2 எதை அளக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். வீட்டில் மின்சாரம் உண்டா, கழிப்பறை உண்டா, வங்கிக் கணக்கு உண்டா என்று அது பார்க்கும். கழிப்பறையும் வங்கிக் கணக்கும் உள்ள வீட்டுப் பிள்ளை, சக பிள்ளைகளின் நடுவில் தலைநிமிர்ந்து உட்கார முடிகிறதா என்பதற்கு அதில் கட்டம் இல்லை. வறுமை குறையக் குறைய இந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகும். எல்லோரும் வெறுங்காலோடு நடந்த ஊரில் செருப்பில்லாதவன் தனியாகத் தெரியவில்லை. நாற்பது பேரில் முப்பத்தெட்டு பேர் ஷூ போட்டு வரும் வகுப்பில் தெரிகிறான்.

3. அந்த அவமானத்தை உண்டாக்குவது யார்?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. அரசு மனசுக்குள் வரக்கூடாது என்பவர்கள், அரசு இதுவரை வெளியே நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது எப்போதோ உள்ளே வந்துவிட்டது, கொடுக்கும் விதத்தின் வழியாக.

உதவித்தொகை வந்திருக்கிறது என்று சுற்றறிக்கையோடு ஒருவர் வகுப்புக்குள் நுழைகிறார். பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. எழுந்து நிற்பவர்கள் யார், எதற்காக என்பது மற்ற முப்பது பேருக்கும் அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. வாசித்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை. பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதைக் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன்களிடம் சோதித்து 2004 இல் வெளியிட்டார்கள். புதிர்ப் பாதைகளைத் தீர்க்கும் விளையாட்டு, தீர்த்த ஒவ்வொன்றுக்கும் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் ஏறத்தாழ சமமாகத் தீர்த்தார்கள். வேறு சில குழுக்களில் ஒவ்வொருவரின் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் சாதியையும் எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னார்கள். அங்கே ஒடுக்கப்பட்ட பையன்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. அதே மாதிரிப் பையன்கள், அதே விளையாட்டு. வேறுபாடு ஓர் அறிவிப்பு மட்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதை அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் அது தந்த அறிக்கையில் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசியது. அதே அறிக்கையில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு பரிந்துரை உண்டு: உதவித்தொகை விவரங்களை வகுப்பில் அறிவிக்காதீர்கள், பிள்ளையைத் தலைமை ஆசிரியர் அறைக்கு அழைத்துத் தனியாகச் சொல்லுங்கள். வறுமையும் சாதியும் ஒரே பெயர்ப் பட்டியலில் வாசிக்கப்படும் நாட்டில் இதைவிட நேரடியான மருந்து இல்லை. இதற்கு மனநல மருத்துவர் தேவையில்லை, கதவு உள்ள ஓர் அறை போதும்.

இனி விநியோக விழா. சைக்கிள் என்பது பதினோராம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கு வர ஒரு வண்டி. அதைக் கொடுக்கப் பந்தல், மேடை, பொன்னாடை, சட்டமன்ற உறுப்பினர் வரும்வரை வெயிலில் வரிசை, ஹேண்டில் பாரைப் பிடித்தபடி புகைப்படம். புத்தகப் பையிலும் மடிக்கணினியிலும் ஆட்சியில் இருப்பவர் முகம் அச்சாகி வந்த காலங்கள் நமக்கு நினைவில் இருக்கின்றன. இரண்டு பெரிய கட்சிகளும் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. 2022 இல் பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை ஓர் அமைச்சரே மேடையில் 'ஓசி' என்று சொன்னார், எதிர்ப்பு எழுந்ததும் விளக்கம் கொடுத்தார். அமைச்சர் சொன்னதால் செய்தியானது. பாஸ் காட்டும் பள்ளிப் பிள்ளையிடம் அதே சொல்லை நடத்துநர் சொன்னால் அது செய்தியாவதில்லை. உரிமையாகத் தர வேண்டியதைப் பிச்சையாக உணர வைத்துவிட்டு, அந்த உணர்வை வீட்டில் வைத்துச் சரிசெய்துகொள் என்பது என்ன நியாயம்?

சான்றிதழ் இன்னொரு கதை. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, தகப்பன் விட்டுப்போயிருந்தால் கைவிடப்பட்டவர் என்பதற்கு ஒன்று. இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம். ஒவ்வொரு படிக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். துணைக்குப் போகும் பிள்ளை பார்ப்பது என்ன? தன் வீட்டின் இல்லாமையை அம்மா ஒவ்வொரு மேசை முன்னாலும் நின்று திரும்பத் திரும்பச் சொல்வதை. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் மாதம் 2000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பரில் வந்தது. நல்ல திட்டம். அந்தப் பணம் எத்தனை மேசைகளைத் தாண்டி வருகிறது என்பதும் திட்டத்தின் பகுதிதான், பின்குறிப்பு இல்லை.

தனியார் பள்ளியிலோ மேடைகூட வேண்டியதில்லை. "ஃபீஸ் கட்டாதவங்க எழுந்திருங்க" என்ற ஒரு வரி போதும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. சட்டம் வந்தது 2009 இல். கட்டணம் பாக்கி என்பதற்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது இந்தப் பிரிவுக்குள் வருமா என்று எந்தக் கல்வி அலுவலரும் சிரமப்பட்டு யோசிக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கு வரும் நாளில் கழிப்பறையைப் பார்க்கிறார்கள், கட்டடச் சான்றைப் பார்க்கிறார்கள். யார் வாசலில் நிற்கிறார்கள் என்று பார்ப்பதும் அதே ஆய்வில் முடியும்.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் இந்த மாநிலத்துக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். காமராசர் காலத்தில் வந்த சீருடை எதற்காக? உடம்பை மறைக்க மட்டும் என்றால் எந்தத் துணியும் போதும். யார் வீட்டுப் பிள்ளை என்று சட்டை சொல்லக் கூடாது என்பதற்காக. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவில் வருமானச் சான்று கேட்பதில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் உப்புமாவோ பொங்கலோ ஒரே பாத்திரத்திலிருந்து. அதனால்தான் அது வெட்கமில்லாமல் இறங்குகிறது. ஆனால் ஆறாம் வகுப்பில் அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. பத்து பதினொரு வயதில், அதாவது மற்றவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு முளைக்கும் வயதில், சாப்பிடாமல் வந்ததை மறைக்கும் வேலை அந்தப் பிள்ளைக்குத் தொடங்குகிறது. ஆக, இது மனசைப் பார்க்கத் தெரியாத அரசு இல்லை. தெரிந்ததைப் பாதியில் விட்ட அரசு.

4. வீடு பார்த்துக்கொள்ளும் என்றால், வீட்டை யார் பார்த்துக்கொள்வது?

பிள்ளையின் மனசைத் தேற்றப் பெற்றோருக்கு நேரம் வேண்டும், பொறுமை வேண்டும், மூளையில் கொஞ்சம் காலி இடம் வேண்டும். வறுமை முதலில் தின்பது இந்த மூன்றையும்தான். இதற்கான சான்று நம் ஊரிலிருந்தே உலகத்துக்குப் போனது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணியும் செந்தில் முல்லைநாதனும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அறுவடைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை சோதித்தார்கள். 2013 இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. கரும்புப் பணம் வருவதற்கு முன், நகை அடகுக் கடையில் இருக்கும் மாதங்களில், அதே மனிதர் அறிவுத்திறன் சோதனைகளில் மோசமாகச் செய்தார். பணம் வந்த பின் நன்றாகச் செய்தார். மனிதர் மாறவில்லை, அவர் தலையில் ஓடிய கடன் கணக்கு நின்றது. கூலியை எதிர்பார்த்திருக்கும் தகப்பன் மகன் கேட்ட கேள்விக்குச் சுள்ளென்று விழுவதை அவர் குணமாகப் பார்க்கிறவர்கள் இந்த முடிவை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இன்னொரு சான்று அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து. அங்கே செரோக்கி பழங்குடியினரின் இடத்தில் 1990களின் பிற்பகுதியில் சூதாட்ட விடுதி திறந்தது. லாபத்தில் ஒரு பங்கு பழங்குடியினர் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது, ஏழை பணக்காரர் என்று பிரிக்காமல். 1993 முதலே அந்தப் பகுதிக் குழந்தைகளின் மனநலத்தை ஜேன் கோஸ்டெல்லோ குழுவினர் கவனித்து வந்ததால், பணம் வருவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. வறுமையிலிருந்து மேலே வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம், அடிதடி போன்ற நடத்தைப் பிரச்சினைகள், என்றுமே ஏழையாக இராத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கின. காரணத்தைத் தேடியபோது கிடைத்த முக்கிய விடை: பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

என் வாதத்துக்கு அவ்வளவு வசதியாக இல்லாத ஒரு செய்தியும் அதே ஆய்வில் உண்டு. பதற்றமும் மனச்சோர்வும் பணத்தால் பெரிதாகக் குறையவில்லை. வெளியே தெரிகிற கோபம் தணிந்தது, உள்ளே இருந்த பயம் அப்படியே இருந்தது. எனவே பணத்தைக் கொடுத்துவிட்டால் போதும் என்று சொல்லும் நண்பர்களும் இந்தக் கட்டுரையின் மறுப்புக்குத் தப்ப முடியாது.

5. முத்திரை விழும் என்ற அச்சம்.

இதை மட்டும் நான் மரியாதையோடு அணுகுகிறேன். ஏழைப் பிள்ளைகளைத் தனியே பொறுக்கி எடுத்து, 'மனநலப் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்கள்' என்று பட்டியல் போட்டு, அறை எண் 7க்கு அனுப்பினால் அது நேர்த்தியான கொடுமை. சேரியிலிருந்து வரும் பிள்ளையின் கோபத்தை நோயாகவும் மேல்தட்டுப் பிள்ளையின் கோபத்தைத் தன்மானமாகவும் எழுதிவைக்கும் ஆபத்து எந்த ஆலோசகரிடமும் உண்டு.

ஆனால் இந்த அச்சம் எதை நிரூபிக்கிறது? தவறாகச் செய்யாதே என்பதைத்தான். செய்யாதே என்பதை நிரூபிக்கவில்லை. பிள்ளையைத் திருத்துவதற்குப் பதில் பள்ளியின் நாளைத் திருத்தலாம். இங்கிலாந்தின் நியூகாசிலில் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு அமைப்பு 2011 முதல் செய்துவருவது அதுதான். காலை மணி முதல் மாலை மணி வரை ஒரு பள்ளி நாளில் எங்கெல்லாம் காசில்லாத பிள்ளை தனியாகத் தெரிகிறது என்று பிள்ளைகளிடமே கேட்டுக் கேட்டுக் குறிப்பது, பிறகு அந்த வழக்கங்களை மாற்றுவது. யார் ஏழை என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. டூரின் விலையை யார் முடிவு செய்கிறார்கள், கலர் டிரஸ் நாள் தேவையா, புராஜெக்ட் சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் பள்ளியிலேயே இருக்குமா, குரூப் போட்டோவை எல்லோருக்கும் கொடுக்க முடியாதா: கேள்விகள் இந்த அளவில்தான் இருக்கும். இப்படி ஒரு கணக்கெடுப்பை ஓர் ஒன்றியத்துப் பள்ளிகளில் நடத்தக் கல்வித் துறைக்கு வெளிநாட்டுப் பயணம் தேவையில்லை.

6. ஆசிரியர்தான் இருக்கிறாரே என்ற சமாதானம்.

இருக்கிறார். வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு, எமிஸ் தளத்தில் பதிவேற்றம், முட்டைக் கணக்கு, ஆதார் இணைப்பு, தேர்ச்சி விகிதம் எல்லாவற்றுக்கும் அவர்தான். இப்போது மனசும்.

பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த சோதனை இந்த இடத்தில் முடிவாகப் பேசுகிறது. சங்கத் அமைப்பு நடத்திய அந்த ஆய்வு 2018 இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஒரு பகுதிப் பள்ளிகளில், பயிற்சி பெற்ற சாதாரண ஆள் ஒருவர் ஆலோசகராக இருந்தார். இன்னொரு பகுதியில் அதே வேலையை ஆசிரியரிடம் கொடுத்தார்கள். மற்றவற்றில் இரண்டும் இல்லை. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வு அறிகுறிகளும் ஒருவரை ஒருவர் வதைப்பதும் குறைந்தன. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில் பலன் இல்லை. ஆசிரியர்கள் மோசமானவர்கள் என்பதற்காக இல்லை. மதிப்பெண் போடுபவரிடம், பிரம்பு எடுக்கக்கூடியவரிடம், அப்பாவின் குடியைப் பற்றி எந்தப் பிள்ளை பேசும்? அவமானத்தை எண்ண முடியாது என்றார்களே, அவர்களுக்கும் இந்த ஆய்வில் பதில் இருக்கிறது. கேள்வித்தாளோடு போய்ப் பிள்ளைகளிடமே கேட்டு எண்ணினார்கள்.

நம் அரசுப் பள்ளிகளில் இதற்கு 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி இருக்கிறது. 14417, 1098 என்ற எண்களும் சுவரில் இருக்கின்றன. பெட்டி நல்லதுதான், பாலியல் தொந்தரவு போன்ற புகார்களுக்கு அவசியமும்கூட. ஆனால் டூருக்குப் பணமில்லாததைச் சீட்டில் எழுதி எந்தப் பிள்ளையும் பெட்டியில் போடாது. அதற்கு நடமாடும் ஆள் வேண்டும், மைதானத்தில் நிற்கிற, பெயர் தெரிந்த ஓர் அக்காவோ அண்ணனோ.

ஆள் எங்கே என்று கேட்பவர்களுக்கு இந்த மாநிலமே விடை சொல்லியிருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்விக்கு, மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் கிடைத்தார்கள், பெரும்பாலும் அதே தெருவில் குடியிருக்கும் படித்த பெண்கள். கொரோனாவில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இழந்த படிப்பு மீண்டதில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு அவர்களால் என்று பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த அக்காக்களில் ஒரு பகுதியினருக்கு முறையான பயிற்சியும் கௌரவமான சம்பளமும் (அந்த ஆயிரம் ரூபாய் இல்லை) கொடுத்துப் பள்ளிக்குள் கொண்டுவருவது, எங்கிருந்தோ மனநல மருத்துவர்களை வரவழைப்பதைவிட எளிது. சந்துரு குழு 500 மாணவர்களுக்கு மேலுள்ள பள்ளிகளுக்கு நல அலுவலரைப் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னும் கீழே இறங்கி, 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனத்துக்கே தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது வேண்டும் என்றது. இனி இது விருப்பம் சார்ந்த விஷயமாக இல்லை. தகுதியுள்ளவர் மேற்பார்வை செய்ய, தெருவிலிருந்து வந்தவர் பிள்ளையோடு நிற்க, இரண்டு அடுக்காகத் திட்டமிட்டால் உத்தரவும் நிறைவேறும், ஆளும் கிடைப்பார்.

நிதி இல்லை என்பது கடைசிப் பதில். காலை உணவை எட்டாம் வகுப்புவரை நீட்ட நிதி வேண்டும், ஆலோசகருக்குச் சம்பளம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அவை அடுத்த பட்ஜெட்டுக்குக் காத்திருக்கட்டும். உதவித்தொகைப் பெயர்களை வகுப்பில் வாசிக்காதே, கட்டணத்துக்காகப் பிள்ளையை எழுப்பாதே, சைக்கிளை மேடையில்லாமல் கொடு, டூருக்குப் பள்ளியே வரம்பு வை என்ற நான்கு வரிகள் கொண்ட சுற்றறிக்கை மட்டும் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? அதற்கு நிதித் துறையின் ஒப்புதல்கூடத் தேவையில்லையே.